தவிடும் சக்கையும்

உணவின் கூறுகளை ஒப்புவிக்க அறியாத மாணவன் நமது கல்லூரியிற் காண்டற்கு அரியன். மாப்பொருள், புரதம், கொழுப்பு, விற்றமின், கனியுப்பு, நீர் என்னும் அட்டவணையை யான் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். பரீட்சையில் அவ்வினாவிற்குப் புள்ளி இழந்தவர் மிகச் சிலரே. விழா மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டியபோது, பலரும் மனனஞ் செய்து முடித்த அப்பாடத்தையே மீண்டும் எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

எனக்கு ஐம்பத்துநான்காவது வயது நடக்கையில் நீரிழிவு நோய் உண்டென்று கண்டனர். என்னைப் பரிசோதித்த வைத்தியர் எனது பழைய மாணவர். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபின், “சேர், நேற்று விடிஞ்சதிலையிருந்து என்னென்ன சாப்பிட்டனீங்கள்?” என்று வினவினார். காலையிற் பாணும் சம்பலும். பத்து மணிக்குச் சீனியிட்ட தேநீரும் பிஸ்கற்றும். மதியம் தீட்டிய வெள்ளையரிசிச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சிறிது பருப்பும். மாலையில் ஒரு பணிஸ். இரவில் இடியப்பமும் சொதியும். சொல்லச் சொல்ல எனக்கே நாணம் மேலிட்டது. அவரோ நகைத்து, “சமநிலை உணவு எண்டால் என்னவெண்டு நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பிச்சனீங்கள்! நானும் இதைத்தான் சாப்பிடுறன்” என்றார்.

குடும்பவழி, வயது, உடலுழைப்பின்மை முதலியனவும் இந்நோய்க்குக் காரணங்களாதலின், உணவொன்றன்மேலேயே பழியைச் சுமத்துதல் விஞ்ஞானமாகாது. ஆயினும் அட்டவணை எழுதிய கையும் பாணைப் பிட்ட கையும் ஒன்றே என்பதை அன்றுவரை யான் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த தவணையிற் பத்தாம் வகுப்பிற்கு அப்பாடம் வந்தபோது வெண்கட்டியை எடுக்கவில்லை. ஒவ்வொரு மாணவனும் தான் அன்று உண்டதில் ஒரு சிறு துண்டைக் காகிதத்திற் பொதிந்து ஆய்கூடத்திற்குக் கொண்டுவருமாறு பணித்தேன்.

முப்பத்தாறு பொதிகள் மேசைமேல் வரிசையாயின. ஒவ்வொன்றன்மேலும் ஐதான அயடீன் கரைசலில் ஒரு துளி இட்டோம். பாண் கருநீலமாயிற்று. இடியப்பம் கருநீலமாயிற்று. பிட்டும், பிஸ்கற்றும், ரோல்சினுள் இருந்த உருளைக்கிழங்கும் அவ்வாறே ஆயின. மாப்பொருள் உள்ளவிடத்து அயடீன் அந்நிறம் காட்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பெயராலும் வடிவாலும் சுவையாலும் வேறுவேறாய்த் தோன்றிய அத்தனை பண்டங்களும் ஒரே நிறமாய் மாறியதைக் கண்டு வகுப்பு முழுவதும் அடங்கிப்போயிற்று. ஒருவன் கொணர்ந்த தோடஞ்சுளையின்மேல் இட்ட துளி மாத்திரம் நீலமாகாதது மட்டுமன்றித் தன் கபில நிறத்தையும் இழந்தது. பழத்திலுள்ள விற்றமின் சீ அயடீனைத் தாழ்த்தி நிறமற்றதாக்கும். 1747 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து குணமடைந்தனர். அவர் பழத்தில் என்ன உள்ளதென்று அறியார். பழம் வேலை செய்கின்றதென்பதையே அறிந்தார்.

மாப்பொருள் தீயதன்று, நமது உடலுக்கு வேண்டிய சத்தியின் பெரும்பகுதி அதனின்றே வருகின்றது. ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் நந்நான்கு கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கிலோகலோரியும் தருவன. குறை யாதெனின், அம்மாப்பொருளோடு இயற்கை கூட்டி அனுப்பியவற்றை நாம் வழியிலேயே உரித்தெறிந்துவிட்டு, வெறும் மாவை மாத்திரம் உண்பதேயாம்.

நெல்மணியை எடுத்துக் கொள்வோம். புறத்தே உமி, அதனுள்ளே தவிடு, ஓரத்தில் முளை, நடுவே வெண்மையான மாப்பகுதி. விற்றமின் பீ1 எனப்படும் தயமினும், நாரும், கனியுப்புகளும் தவிட்டிலும் முளையிலுமே பெரிதும் உறைகின்றன. ஆலையில் அரிசியைத் தீட்டும்தோறும் அவை நீங்கி மாட்டுத் தொட்டிக்கும் கோழிக்கூட்டிற்கும் போய்ச் சேர்கின்றன. நம் வீட்டுக் கால்நடைகள் நம்மிலும் நன்றாக உண்கின்றன என்று நான் வகுப்பிற் சொல்வதுண்டு.

இது வெறும் நகைப்புக்குரிய செய்தியன்று. தவிடு நீங்கிய அரிசி பல்லாயிரவரைக் கொன்றிருக்கின்றது. 1882 ஆம் ஆண்டு புறப்பட்டு நெடும்பயணம் சென்ற யப்பானியப் போர்க்கப்பல் ஒன்றில் இருந்த 376 பேருள் 169 பேர் பெரிபெரி நோயால் வீழ்ந்தனர். 25 பேர் இறந்தனர். இந்நோயின் பெயர், ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்ததென்பர். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி மாய்வோர்க்கு அப்பெயர் பொருந்துவதே. கடற்படை வைத்தியராகிய தகாகி கனேஹிரோ, 1884 இல் அதே வழியிற் சென்ற மற்றொரு கப்பலில் உணவை மாற்றி, வெள்ளையரிசியைக் குறைத்து, இறைச்சியும் பிற தானியமும் சேர்ப்பித்தார். அக்கப்பலில் நோயுற்றோர் மிகச் சிலர். இந்நோயால் இறந்தார் ஒருவருமிலர். புரதக் குறைவே நோய்க்குக் காரணமென அவர் கருதினார். கருத்துப் பிழை, செயல் சரி. விஞ்ஞான வரலாற்றில் இவ்வாறு நிகழ்தல் புதிதன்று.

காரணத்தை வெளிப்படுத்தியவை யாவாத் தீவின் கோழிகள். ஒல்லாந்த வைத்தியர் ஐக்மான், அங்கு தமது ஆய்கூடத்துக் கோழிகள் பெரிபெரி நோயாளர்போற் காலிழந்து வீழ்வதைக் கண்டார். சிலகாலத்தின் பின் அவை தாமாகவே எழுந்து நடந்தன. ஆராய்ந்தபோது, நோயுற்ற காலத்தில் இராணுவ வைத்தியசாலைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தார்க்கு உரிய சோற்றைப் பொதுமக்களின் கோழிகளுக்குத் தருதல் தகாதென மறுத்ததும் தெரியவந்தன. அச்சமையற்காரரின் கண்டிப்பால் மருத்துவம் அடைந்த நன்மைக்கு அளவில்லை. ஐக்மான் தவிட்டைக் கொடுத்துக் கோழிகளைக் குணமாக்கினார். 1929 இல் நொபெல் பரிசும் பெற்றார். 1912 இல் கசிமிர் பங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்னும் பெயரை முன்மொழிந்தார். பெயர் பிறந்ததே தவிட்டிலிருந்துதான் எனலாம்.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றுவது நம் முன்னோர் வழக்கம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரோடு ஊறி மணியின் உட்புறம் சேர்கின்றது. பின்னர் ஓரளவு தீட்டினும் முழுவதும் போய்விடுவதில்லை. புழுங்கலரிசி உண்டோரிடைப் பெரிபெரி அருகியிருந்தமைக்கு இதுவே காரணம். அவித்தவர் தயமினை அறிந்து அவித்தாரல்லர். ஆயினும் மொட்டைக்கறுப்பன் புழுங்கலைக் கைவிட்டு, ‘வெள்ளை வெளேர்’ என்ற அரிசியை விருந்தின் அடையாளமாக்கிக்கொண்ட நாம், அறிவு வந்தபின் அதனை இழந்தோம். நல்லரிசியையும் பன்முறை கழுவி, கஞ்சியை வடித்து ஊற்றிவிட்டால், நீரிற் கரையும் இவ்விற்றமின் கஞ்சியோடு போம் என்பதையும் வீட்டிற் சமைப்போர் அறிதல் நலம். சமைப்போர் என்றது தாய்மாரை மட்டுமன்று.

இனி நார். எனது இளமையில் இதனைச் ‘சக்கை’ என்றே கற்பித்தனர். சமிபாடடையாததால் சத்தற்றது, மலச்சிக்கலைத் தடுப்பதன்றி வேறு பயனில்லாதது என்பதே அக்காலக் கருத்து. யானும் அவ்வாறே பல்லாண்டு கற்பித்தேன். உகண்டாவிற் பணியாற்றிய டெனிஸ் பேர்க்கிற் என்னும் ஐரிஷ் சத்திரவைத்தியர், மேனாட்டார்க்குப் பெருகிய குடல்நோய்கள் ஆங்குள்ள கிராமத்தவரிடம் அரிதாயிருப்பதைக் கண்டு, அவர் உண்ணும் நாரே காரணமாகலாமென 1970 ஆம் ஆண்டுகளில் எடுத்துரைத்த பின்னரே வைத்திய உலகம் இப்பக்கம் திரும்பியது. அவர் கூறியவை யாவும் அப்படியே நிலைபெற்றில, அடிப்படை நிலைத்தது.

நமது சமிபாட்டு நொதியங்களால் நார் உடைவதில்லை என்பது உண்மையே. ஆனால் பெருங்குடலிற் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை நாரின் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கே உணவாகின்றது. நீரிற் கரையும் நார் குடலிற் கூழ்போலாகி, வெல்லம் இரத்தத்திற் சேரும் விரைவைத் தணிக்கின்றது; பித்தவுப்புகளைப் பற்றி வெளியேற்றுவதால் கொலஸ்திரோலும் குறைகின்றது. கரையாத நார் மலத்தைப் பருக்கச் செய்து எளிதில் நகர்த்துகின்றது. சத்தற்றதென்று நாம் தள்ளியது நமக்குச் சத்தன்றாயினும் நம்முள் வாழும் விருந்தினர்க்கு அமுதாயிருந்தது.

பத்து வயதிற்கு மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாரேனும், 400 கிராம் காய்கறி பழங்களேனும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் விதந்துரைத்தது. ஆய்கூட மேசையில் இருந்த பொதிகளைக் கொண்டு வகுப்பிலேயே ஒருநாளைக் கணக்குப் பார்த்தோம். அரை இறாத்தலினும் குறைந்த பாணில் ஏறக்குறைய நான்கு கிராம், வயிறார உண்ட வெள்ளைச் சோற்றில் இரண்டு, இடியப்பத்தில் இரண்டு, சம்பலின் தேங்காய்ப்பூவில் மூன்று, உருளைக்கிழங்கும் சிறிது பருப்பும் பிஸ்கற்றும் சேர்ந்து மற்றொரு நான்கு. கூட்டுத்தொகை பதினைந்து. பின்னர் அதே நாளில் ஒரு பிடி பயற்றையும், அதாவது 50 கிராம், ஒரு கொய்யாப்பழத்தையும் சேர்த்தோம். பயறு எட்டுக் கிராம்; பழம் ஐந்து. எதனையும் நீக்காமலே 25 ஐக் கடந்தது. வெள்ளைமா இடியப்பத்திற்குப் பதிலாகக் குரக்கன் பிட்டை வைத்தால் இன்னும் ஏறும். அன்றியும் 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அரிசியில் அதன் பத்திலொரு பங்குதானுமில்லை. திடீரென நாரைப் பெருக்குவோர்க்கு வயிறு ஊதும். ஆதலின் சிறிது சிறிதாகக் கூட்டி, நீரையும் போதிய அளவு பருகவேண்டும். இதனை யான் சொல்ல மறந்தமையால் அடுத்த வாரம் சில பெற்றோரிடம் பேச்சுக் கேட்க நேர்ந்தது.

பருப்பும் சோறும் சேர்ந்த உணவின் நுட்பம் வியத்தற்குரியது. அரிசிப் புரதத்தில் இலைசீன் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் வறுமையை மற்றொன்று தீர்க்கின்றது. ஆனால் நமது தட்டில் சோறு மலையாகவும் பருப்பு அதன் உச்சியிற் பொட்டாகவும் இருத்தலால் இந்நட்பு முழுமையுறுவதில்லை. கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய்ப்புளி விடுவதால் அது எளிதாகின்றது. உணவோடு தேநீர் அருந்தினால் அதன் தனின் இரும்பைத் தடுக்கும். கை கழுவுமுன் தேநீர் கேட்கும் வழக்கமுடையோர் ஒரு மணி நேரம் பொறுப்பாராக. முருங்கையிலைக்குத் தேங்காய்ப்பால் சேர்ப்பதும் வீணன்று. அதிலுள்ள கரோற்றின் கொழுப்போடு கூடியே உடலிற் சேரும். எனினும் தேங்காய்க் கொழுப்பு நிரம்பிய கொழுப்பாகையால் முதற்பாலை வாரி ஊற்றவேண்டுவதில்லை.

சைவ உணவினர் மிக்க நமது கல்லூரிச் சமூகத்திற்கு ஒரு செய்தியைச் சிறப்பாகக் கூறவேண்டும். விற்றமின் பீ12 தாவர உணவுகளில் இல்லை. கீரையும் பயறும் எவ்வளவு உண்டாலும் அது கிட்டாது. குறைந்தால் குருதிச்சோகையும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாகும். பால், தயிர், மோர் ஆகியவற்றில் உண்டு. இவற்றை நாடோறும் கொள்வோர்க்கு அச்சம் குறைவு. பாலையும் விட்டோர் வைத்தியரைக் கலந்து மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெறவேண்டும். முதியவர்க்கும், நீரிழிவிற்காக மெற்போமின் உட்கொள்வோர்க்கும் இக்குறைவு நேரக்கூடும். என் பழைய மாணவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, மோர் குடிப்பதுண்டா என்பதே.

பாடத்தின் இறுதியில், அடுத்த கிழமைக்கு ஒவ்வொருவனும் பயற்றை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியிற் கட்டி முளைக்கச் செய்து ஒரு பிடி கொண்டுவரவேண்டுமென்றேன். உலர்ந்த பயற்றில் இல்லாத அளவு விற்றமின் சீ முளைக்கும்போது உண்டாவதை, தோடஞ்சுளை செய்த அதே அயடீன் சோதனையாற் காட்டுவது எனது எண்ணம். இருபத்தொன்பது பேர் கொண்டுவந்தனர். மூவர் தாய்மார்மேற் குற்றஞ்சொன்னார்கள், எஞ்சியோர் மறந்துவிட்டனர். நான் கரைசலை எடுத்து வருவதற்கு ஆய்கூடத்தின் பின்னறைக்குச் சென்று திரும்புமுன்னே, தேங்காய்ப்பூவும் உப்பும் எங்கிருந்து வந்தனவோ அறியேன், சோதனைக்கென்று ஒரு பிடி பயறுதான் மீதியிருந்தது.