நெஞ்சுப் படமும் கதிர்க் கணக்கும்



ஊரிலிருந்து ஆள் தருவித்துக் கடை நடத்தும் நம்மவர் எல்லோரும் ஃபோமேமா பரிசோதனையை அறிவர். 1997 முதல் நடந்துவரும் அப்பரிசோதனையில் இரத்தம், சிறுநீரோடு நெஞ்சையும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஆள் வந்த ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை; பிறகு பெர்மிட் புதுப்பிக்கும் காலங்களில் மறுபடியும் உண்டு. "இப்படிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் கதிர் உடம்பில் தங்கிவிடாதா, முதலாளி?" என்று பையன்கள் கேட்கிறார்கள். முதலாளிமாரிலும் அவ்வாறு எண்ணுவோர் இல்லாமலில்லை.

பேராக்வாசிகள் கதிர் என்றதும் அஞ்சுவதில் வியப்பில்லை. புக்கிட் மேராவில் மோனசைட் மண்ணைப் பக்குவம் செய்த ஆலையை மூடும்படி ஈப்போ உயர்நீதிமன்றம் 1992-ல் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் அதை 1993-ல் மாற்றியது. எனினும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. அங்கே கவலைக்குக் காரணம் தோரியம் என்னும் பொருள். அது கிடக்கும் இடத்தில் கதிரும் ஓயாமல் வீசும். எக்ஸ்ரேயோ குழாயில் மின்சாரம் பாயும்போது மட்டும் பிறப்பது. விசையை விட்டதும் விளக்கு அணைவது போல் நின்றுபோகும்; உடம்பிலும் உடுப்பிலும் ஒட்டாது.

அதனால் தீங்கே இல்லை என்று கொள்ளலாகாது. கடந்து செல்லும் கணத்தில் அக்கதிர் உயிரணுக்களைத் தாக்குகிறது. அளவு ஏற ஏற, பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஏறும். ஆகவே எவ்வளவு என்பதே கேள்வி. வியாபாரிகளான நமக்குக் கணக்குப் புதிதன்று.

இக்கதிரை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். நெஞ்சுப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1. படமே எடுக்காத மனிதனும் மண், காற்று, ஆகாயம், உணவு இவற்றிலிருந்து உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 பெறுகிறான். நம் கிந்தா வட்டாரமோ கருங்கல் மலையும் ஈய லம்பமும் நிறைந்த பூமி. ஈயம் எடுத்தபின் மிஞ்சும் அமாங்கிலும் மோனசைட் உண்டு. 2009-ல் வெளிவந்த ஆய்வின்படி இங்கே மண்ணிலிருந்து எழும் கதிர் மணிக்கு 222 நானோகிரே. மலேசியச் சராசரி 92 தான். ஒரு படத்துக்கு நடுங்குகிறவர் இந்த மண்ணில் கவலையின்றி உறங்கி எழுகிறார்!

சி.டி. ஸ்கேன் கணக்கு வேறு. நெஞ்சை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 6 மில்லிசீவர்ட், அதாவது அறுபது படங்களுக்குச் சமம். மருத்துவர் காரணத்தோடு எழுதினால் மறுக்கலாகாது; நோய் தெரியாமல் கிடப்பது அதைவிடக் கேடு. ஆனால் கையில் வெள்ளி இருக்கிறதென்று ஆசுபத்திரிக்குப் போய், "எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள்" என்று நாமே கேட்பது தகாது. கர்ப்பிணிப் பெண்கள் எந்தப் படமானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் பையன்கள் அஞ்சுவது கதிருக்கு மட்டுமன்று. படத்தில் நிழல் விழுந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்றுதான். கடன் வாங்கி வந்தவன் இருமலை மறைப்பான். ஆள் குறையுமென்று முதலாளியும் பாராமுகமாய் இருந்தால், ஒரே அறையில் படுக்கும் மற்றவர் கதி என்ன? 2022-ல் மட்டும் இந்நாட்டில் 25,000-க்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டது. மாதக்கணக்கில் தவறாது மருந்துண்டால் குணமாகும் நோய் அது.

நிழலெல்லாம் புது நோயுமன்று. முன்னரே ஆறிய காசநோயின் தழும்பும் படத்தில் வெண்திட்டாய்த் தெரியும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்குப் பழைய படம் பெரிதும் உதவும். சளிப் பரிசோதனையும் செய்வார்கள். தகுதியில்லை என்று எழுதப்பட்டாலும் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. ஆகையால் ஆள் தருவிக்கும்போதே, முன்பு அந்நோய் கண்டிருந்ததா என்று பரிவோடு கேளுங்கள். கண்டிருந்தால், ஊரில் எடுத்த படத்தையும் மருந்துண்டு முடித்த சீட்டையும் பாஸ்போர்ட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.