மஞ்சளித்த முன்விளக்கை வீட்டிலேயே தெளிவாக்குவோம்

இடம்பெயர்ந்து வந்த கமக்காரக் குடும்பங்களில், காணி கைவிட்டுப் போனபின் வாகனமே தோட்டமாகிவிட்ட குடும்பங்கள் பல. இருந்த நகையை விற்றும் சீட்டுக் காசை எடுத்தும் ஒரு பழைய முச்சக்கரவண்டியை அல்லது சிறிய லொறியை வாங்கியிருப்பார்கள். மரக்கறி மூடைகளுடன் விடியற்புறம் மூன்று மணிக்குச் சந்தைக்குப் புறப்பட வேண்டும். நடுச்சாமத்தில் யாருக்காவது நோவு கண்டால் ஆசுப்பத்திரிக்கும் அந்த வண்டிதான் ஓடும். தெருவிளக்கு இல்லாத வீதியில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலமென்றால் நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். வன்னிப் பக்கம் யானையும் நிற்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். எதிரில் நிற்பதைக் கண்டு, காலை பிறேக்கில் வைத்து, வண்டி நிற்பதற்குள் 25 மீற்றருக்கு மேல் போய்விடும். விளக்கு அதற்கும் குறைந்த தூரத்தையே காட்டுமாயின், ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

விளக்கு மங்கியதும் பலர் செய்வது, கூடிய வாற் உள்ள மின்குமிழை வாங்கிப் போடுவதாகும். காசு கொடுத்துத் தவறு செய்வது என்று இதைத்தான் சொல்லலாம். அநேகமாகக் குற்றம் குமிழில் இல்லை, அதன் முன்னால் உள்ள மூடியில்தான் இருக்கிறது.

ஏன் மஞ்சளிக்கிறது?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றில் எத்தனையோ கோளாறுகள் இருந்தன, ஆனால் விளக்கு மாத்திரம் மஞ்சளிக்கவில்லை. அது கண்ணாடி. அமெரிக்காவில் 1983 இல் விதிகள் மாற்றப்பட்டபின், 1984 ஆம் ஆண்டு முதல் பொலிகாபனேற் என்னும் பிளாஸ்ரிக் மூடிகள் கார்களில் வரத் தொடங்கின. பின்னர் உலகெங்கும் அவையே பரவின. பாரம் குறைவு, கல் பட்டாலும் லேசில் உடையாது. ஆனால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் இந்தப் பிளாஸ்ரிக்கைத் தாக்கும். ஆகவே தொழிற்சாலையில் அதன் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். எங்கள் வெயிலிலும் புழுதியிலும் சில வருடங்களில் அந்தப் பூச்சு வெடித்து உரியும். அதன்பின் பிளாஸ்ரிக்கும் மஞ்சளிக்கும். அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018 இல் அளந்து பார்த்தபோது, இவ்வாறு பழுதான விளக்கு, புதியது தரும் ஒளியில் 22 வீதத்தையே தந்தது. தேய்த்துத் துலக்கியபின் அது ஏறத்தாழ 70 வீதம் வரை உயர்ந்தது. புதியதைப் போல் வராது, ஆயினும் மூன்று மடங்கு என்பது சிறிய லாபம் அல்ல.

முதலில் சோதித்துப் பாருங்கள்

நகத்தால் தட்டுங்கள். கண்ணாடி 'கிண்' என்று கேட்கும், பிளாஸ்ரிக் மந்தமாகக் கேட்கும். கண்ணாடியானால் இப்பாடத்தின் தேய்க்கும் பகுதி உங்களுக்குரியதல்ல. வயர் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

பிளாஸ்ரிக்கானால் மூடியின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் பழுது வெளிப்புறத்தில்தான் உள்ளது. அதை நீங்களே திருத்தலாம். நனைத்தும் மாற்றமில்லையாயின் புகைச்சல் உள்ளே இருக்கிறது, அல்லது உள்ளேயுள்ள வெள்ளிப்பூச்சுக் கிண்ணம் கறுத்துவிட்டது. அந்தக் கிண்ணத்தை விரலாலோ துணியாலோ துடைக்கவே வேண்டாம். அதிலுள்ள அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, துணியோடு வந்துவிடும். அப்படியான விளக்கை மாற்றத்தான் வேண்டும்.

தேய்க்கும் முறை

தேவையானவை: 800, 1000, 1500, 2000 இலக்க வோட்டர் பேப்பர் ஒவ்வொன்று, வாளித் தண்ணீர், சவர்க்காரம், ஒட்டும் ரேப், பழைய பருத்திச் சாரம் ஒன்று. இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

விளக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ரின் மேல் ரேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். 800 தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, இடமிருந்து வலமாக ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தண்ணீர் நிற்காமல் ஊற்றப்பட வேண்டும், ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. வழிந்தோடும் தண்ணீர் முதலில் மஞ்சளாக வரும். அதுதான் கெட்டுப்போன பழைய பூச்சு. அது வெள்ளையாக மாறும்வரை நிறுத்தவேண்டாம். இங்கு அவசரப்படுபவர்களின் விளக்கில்தான் பிறகு திட்டுத்திட்டாக மஞ்சள் தெரியும்.

அடுத்து 1000 தாளை மேலிருந்து கீழாகத் தேயுங்கள். திசையை மாற்றுவதற்குக் காரணம் உண்டு: முன்னைய தாளின் கீறல்கள் குறுக்கே தெரியும், அவை முற்றாக மறைந்தபின் அடுத்த தாளுக்குப் போகலாம். இவ்வாறே 1500, 2000. இந்த நேரத்தில் விளக்கு முழுவதும் பால் நிறமாக, முன்பிலும் மோசமாகத் தோன்றும். வீட்டிலுள்ளவர்கள் "நல்லாயிருந்ததையும் கெடுத்துப் போட்டியள்" என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை.

இனி இரு வழிகள் உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒன்று, பெயின்ற் கடையில் கிடைக்கும் கட்டிங் பேஸ்ரைப் பழந்துணியில் தொட்டு, வட்டமாகத் தேய்த்துத் துலக்குதல். கையால் செய்தால் ஒரு விளக்குக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். பின்னர் கார் மெழுகு பூச வேண்டும். செலவு குறைவு, ஆனால் பாதுகாப்புப் பூச்சு இல்லாததால் சில மாதங்களில் மீண்டும் மங்கத் தொடங்கும். பற்பசையால் தேய்ப்பதும் இதே வகைதான். லேசான மங்கலுக்கு உதவும், முற்றிய மஞ்சளுக்கு உதவாது.

மற்றது, துலக்காமல் விட்டு, அந்தப் பால்நிற மேற்பரப்பின் மேலேயே கிளியர் ஸ்பிறே அடித்தல். சிறு கீறல்களை அது நிரப்பிவிடும், அடித்தவுடனேயே தெளிவாகும். பேஸ்ற் பூசிய மேற்பரப்பில் கிளியர் ஒட்டாது, உரியும். ஆகவேதான் கலக்க வேண்டாம் என்றேன். புறஊதாத் தடுப்பு உள்ளதென எழுதப்பட்ட ரின்னையே வாங்குங்கள். மருந்துக்கடை ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிட்டு, மூடியின் ஓரத்தில் சிறிது அடித்துப் பாருங்கள். சில வகைகள் பிளாஸ்ரிக்கை வெடிக்கச் செய்யும். பழுதில்லையானால், ஓர் அடி தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை, பத்து நிமிட இடைவெளியில் அடிக்க வேண்டும். மழைக்குணம் இல்லாத நாள், நிழல், காற்று அடங்கிய வேளை. வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள். ஓர் இரவு காயட்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபகுதிக் கிளியர் நீண்டகாலம் நிற்கும். ஆயினும் அதன் ஆவி சுவாசப்பைக்குக் கேடு. தகுந்த முகமூடி உள்ள பெயின்ற் கராச்சில் கொடுத்து அடிப்பிப்பதே நல்லது.

பெற்றோல், தின்னர் என்பவற்றால் துடைக்கவே கூடாது. நான் ஒருமுறை தார் அழுக்கை எடுக்கப் பெற்றோலால் துடைத்து, நல்ல விளக்கொன்றில் சிலந்திவலை போன்ற வெடிப்புகளை வரவழைத்தேன். நுளம்புக்குப் பூசும் மருந்தால் துடைத்தால் பளபளக்கும் என்று சிலர் செய்துகாட்டுவார்கள். அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து அன்றைக்கு மாத்திரம் மினுக்குவது. பெயின்ரையும் கெடுக்கும்.

வயரையும் பாருங்கள்

மூடி தெளிவாகியும் ஒளி மங்கலென்றால், குமிழுக்கு மின் போதியளவு போகவில்லை. ஹலஜன் குமிழுக்குப் போகும் வோல்ற்றளவு 10 வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறையும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பற்றறி முனையிலும் குமிழின் முனையிலும் மீற்றரால் அளந்து பாருங்கள். (சில பழைய மோட்டார் சைக்கிள்களில் விளக்கு எஞ்சின் சுருளிலிருந்து நேரே எரிவதால் இவ்வாறு அளக்க முடியாது.) வித்தியாசம் அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏர்த் வயர். அது பொடியில் பூட்டியிருக்கும் இடத்தில் துரு பிடித்திருக்கும். கழற்றி, இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, சிறிது வசிலீன் பூசுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையால் வெளிச்சம் திரும்பிய வண்டிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

55 வாற் குமிழ் இருந்த இடத்தில் 100 வாற் போட்டால் வயரும் ஹோல்டரும் உருகும். குமிழை மாற்றும்போது அதன் கண்ணாடியில் விரல் படக்கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் குமிழ் விரைவில் போய்விடும். ஹலஜன் விளக்கில் மலிவான எல்.ஈ.டி. குமிழைச் செருகினால் உங்களுக்கு வெள்ளையாகத் தெரியும், எதிரே வருபவரின் கண்ணோ கூசிவிடும்.

கடைசியாக, ஒளி விழும் இடம். சமதரையில் ஒரு சுவருக்கு 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சோக்கால் கோடிடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே விழ வேண்டும். இதை வெறும் வண்டியில் பார்க்காமல், வழக்கமாக ஏற்றும் மூடைகளை ஏற்றிவிட்டுப் பாருங்கள். பின்பக்கம் பாரமானால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சம் மரத்துக்குப் போகும்.

செய்து முடித்தபின் வண்டியை நிழலில் விடுங்கள், நிழல் இல்லாவிட்டால் விளக்குகளின் மேல் ஒரு சாக்கையாவது போடுங்கள். கிளியர் பூச்சு ஓரிரு வருடம் நிற்கும். மிஞ்சிய 2000 தாளை எறிந்துவிடாமல், கழுவி, காயவைத்து, ஒரு பழைய கொப்பிக்குள் வையுங்கள். அடுத்த முறைக்கு உதவும்.