முகம், குரல், மனசு: கூத்து மேடை சொல்லித்தரும் 10 குறிப்புகள்

உத்திரமேரூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதம் என்றால் விடிய விடியக் கூத்துதான்; கட்டைக்கூத்து என்பார்கள். இரவெல்லாம் ராஜாவாக ஆடியவர் காலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார். முகமும் குரலும் உடம்புமே அவருக்கு முதல். அவற்றை அவர் பேணுவதிலும் தன்னைத் தானே மதிப்பதிலும் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

1. வேஷம் கலைக்க: கூத்தில் ஆடுபவரே கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை எழுதிக்கொள்வார். பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைக்கு வேஷம் போட்டிருந்தால், கலைக்கும்போது எடுத்த எடுப்பில் சோப்புப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி, சாயம் இளகியதும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பயத்தமாவு போட்டுக் கழுவினால் தோல் எரியாது.

2. புதுச் சாயம் வாங்கினால்: முந்தின நாளே முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் முகத்தில் போட வேண்டாம். ஒட்டு மீசையைப் பிய்த்து இழுக்காமல், ஓரத்தில் எண்ணெய் விட்டுத் தளர்த்தி எடுங்கள்.

3. கண்ணாடி முன் பேச்சு: கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூய்னும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்று, ராஜ வேஷம் கட்டினார்கள். வேஷத்துக்கு வேண்டியது திறமைதான், தோற்றம் அல்ல. அதனால் நிறம், உயரம், பருமன் பற்றி வீட்டில் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "அழகாயிருக்கே" என்பதோடு நிறுத்தாமல், "நல்லா செஞ்சே" என்றும் சொல்லுங்கள்.

4. தொண்டை கட்டினால்: வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் குரலை வருத்தும். பேசாமல் இருப்பதே நல்ல மருந்து. கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

5. கண்விழித்த மறுநாள்: கூத்தோ கல்யாணமோ, இரவு தூங்காமல் இருந்தால் விடிந்ததும் பைக் எடுக்காதீர்கள். டீ குடித்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடாமல், வயிற்றுக்கு லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கிப் படுத்துவிடுங்கள்.

6. மரப் பொருள்கள்: கட்டைக்கூத்தின் கிரீடமும் புஜக் கட்டைகளும் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. ஈரமும் கடும் வெயிலும் இவற்றுக்கு ஆகாது. வீட்டில் இருக்கும் மர கொலு பொம்மைகளையும் இப்படியே பேணலாம்: உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

7. சலங்கை: நாட்டியம் படிக்கும் பிள்ளை கழற்றியதும் பைக்குள் திணிக்காமல், தோல் பட்டையின் வியர்வையைத் துடைத்துக் காற்றாட மாட்டி வையுங்கள். மணி கறுத்தால் புளித் தண்ணீர் தொட்ட துணியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தோல் பட்டையில் புளி படக் கூடாது.

8. கற்பனை வளர: பாரதக் கதையின் நடுவே உள்ளூர்ச் செய்தியையும் கோத்துச் சிரிக்க வைப்பவன் கட்டியக்காரன். இரவில் கதை சொல்லும்போது அன்றைக்குத் தெருவில் நடந்த ஒன்றை அதில் நுழைக்கும்படி பிள்ளையைக் கேளுங்கள். பழைய கதை தெரிந்திருப்பதே புதியது படைக்க முதல் படி.

9. கணக்கு: நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கும் கலைஞரானாலும் தையல் ஆர்டர் எடுக்கும் அக்காவானாலும், வாங்கிய அன்றே தேதி போட்டு எழுதுங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு (கி.பி. 921), ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலைத் தேர்தலில் நிற்கவே கூடாது என்கிறது. வீட்டுக்கும் அந்த விதி பொருந்தும்.

10. வேஷத்தை வாசலில் விடுங்கள்: துகிலுரிதல் நடக்கும் இரவில் துச்சாதனனை ஊரே ஏசும். அந்த ஏச்சு வேஷத்துக்குத்தான், ஆடியவருக்கு அல்ல, கைதட்டலும் அப்படியே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, உடை மாற்றி, 10 நிமிடம் அமைதியாக இருந்த பிறகு வீட்டாரோடு பேசுங்கள். மேலதிகாரியின் திட்டும் பாராட்டும் நம்முடைய முழு மதிப்பு ஆகாது.

உங்கள் ஊரில் கூத்து நடந்தால் பிள்ளைகளோடு பாய் விரித்து முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் கலைஞர்களிடம் போய் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி, உங்களால் ஆனதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.