எந்த ட்ரேடு தொடங்கலாம்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவைத் தொடங்குவது, எதை மூடுவது என்று முடிவுசெய்ய வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு போதும்.

உண்மை: பதிவேட்டில் இருப்பவர் எல்லாரும் வேலையில்லாதவர் அல்லர். பள்ளி முடித்த கையோடு பதிந்துவிட்டுக் கல்லூரியில் படிப்பவர் உண்டு. தனியார் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே, பதிவுமூப்பு போய்விடக் கூடாதே என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பவரும் உண்டு. காலியிடத் தகவலும் அரைகுறைதான். 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்த அலுவலகம் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பத்துப் பேர் வேலைசெய்யும் லேத் பட்டறை அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை.

நம்பிக்கை: மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு இந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

உண்மை: 2017 முதல் நடக்கும் அந்தக் கணக்கெடுப்பு பயனுள்ளது. ஆனால் அது வீடு வீடாகக் கேட்பது. பட்டறைகளில் என்ன காலியிடம் என்று கேட்பதில்லை. அதன் வாராந்தர அளவுகோலில், வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவரே.

நம்பிக்கை: முதலாளிகள் ‘வெல்டர் கிடைக்கவில்லை’ என்றால் வெல்டர் இடங்களைக் கூட்ட வேண்டும்.

உண்மை: முதலில் சம்பளத்தைக் கேளுங்கள். நிஜமாகவே ஆள் தட்டுப்பாடு இருந்தால் அந்த வேலையின் சம்பளம் மற்ற வேலைகளைவிட வேகமாக ஏறும். மாதக்கணக்கில் இடம் காலி, சம்பளமோ அசையவில்லை என்றால், வெல்டர் இருக்கிறார், அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை என்று கொள்ளலாம். இன்னொன்று: சேர்ந்தவர் மூன்று மாதத்தில் ஓடிவிடும் பட்டறை, ஒரே இடத்துக்கு ஆண்டில் நான்கு முறை ஆள் தேடும். கணக்கில் அது நான்கு காலியிடம். அதை நம்பி இடங்களைக் கூட்டினால், குறைந்த சம்பளம் இன்னும் குறையும். அரசுச் செலவில் பட்டறைக்காரருக்குச் செய்யும் உபகாரம் என்றுதான் அதைச் சொல்வேன்.

நம்பிக்கை: பத்தாண்டுக்கு முன்கூட்டியே கணித்துத் திட்டமிடலாம்.

உண்மை: 1960-களில் ஓ.இ.சி.டி. அமைப்பு ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், போர்ச்சுகல், துருக்கி, யூகோஸ்லாவியா ஆகிய ஆறு நாடுகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டது. இவ்வளவு உற்பத்திக்கு இவ்வளவு படித்தவர் என்று வைத்துக்கொண்டதுதான் பலவீனம். இயந்திரமும் சம்பளமும் மாறினால் அந்த விகிதமும் மாறிவிடுகிறது. பிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. அந்தத் தூரத்துக்குப் பார்ப்பதே நடைமுறைக்கு ஆகும்.

நம்பிக்கை: இணைய வேலை விளம்பரங்களை எண்ணினால் தேவை தெரியும்.

உண்மை: இந்தியாவில் உழைப்போரில் பாதிக்கு மேல் சுயதொழில் செய்பவர்கள். பைக்கில் கருவிப்பையோடு வீடுவீடாகப் போகும் ஏ.சி. மெக்கானிக்குக்கு யார் விளம்பரம் கொடுப்பது? அவர் நிலை தெரிய வேண்டுமானால், படித்து முடித்து ஓராண்டு கழித்துப் போனில் அழைத்து, என்ன வேலை, மாதம் என்ன கிடைக்கிறது, படித்த ட்ரேடுதானா என்று கேட்க வேண்டும். சேர்க்கை விண்ணப்பத்தில் அவருடைய எண் இருக்கிறது.