தொட்டியில் தேயிலை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சுற்றுலா சென்று திரும்புவோர் யூக்கலிப்டஸ் தைலத்தோடு ஒரு தேயிலைக் கன்றையும் புதுச்சேரிக்குக் கொண்டுவருவது உண்டு. சன்னலோரத்தில் தொட்டியில் வைத்தால் சில வாரங்கள் செழிப்பாகவே இருக்கும். பிறகு, இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். இலை நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும். நானும் ஒரு கன்றை இவ்வாறு இழந்தவன்தான். உரம் போதவில்லை என்று எண்ணி அடுப்புச் சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் போட்டேன். செடி இன்னும் விரைவாக வாடிப்போனது! ஏன் என்பதைப் பார்ப்போமா?

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதை உண்டாக்கச் செடிக்கு இரும்பு தேவை. தொட்டியில் இருப்பதோ செம்மண். அதன் சிவப்பே இரும்பினால் வந்ததுதான். அப்படியிருக்க, இரும்புப் பஞ்சம் எப்படி வந்தது? வேர், நீரில் கரைந்த இரும்பைத்தான் உறிஞ்ச முடியும். மண்ணில் அமிலம் குறையக் குறைய இரும்பு கரையாத துருவாகவே தங்கிவிடுகிறது. பூட்டிய களஞ்சியத்தின் முன் பசியோடு நிற்பவனின் நிலைதான் செடிக்கும்.

தேயிலை, அமில மண்ணுக்கே பழகிய செடி. பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருப்பது அதற்கு உகந்தது. அத்தகைய மண்ணில் கரையும் அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேரைக் கெடுக்கும். தேயிலையோ அதை இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றாகவே வளர்கிறது. பி.எச். அளவில் ஓர் எண் கூடினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 5-இலிருந்து 8-க்கு ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அமிலத்தைக் குறைப்பது யார்? தினமும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. அந்த நீரே தொட்டிக்கும் போகிறது. சாம்பலும் முட்டை ஓடும் அதே காரத்தைத்தான் கூட்டும். ரோஜாவுக்கு நல்லது என்று பாட்டி சொன்னதைத் தேயிலைக்கும் செய்துவிட்டேன்!

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நான்கைந்து சிவப்புச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை வடிகட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் மழைநீர், மற்றொன்றில் குழாய் நீர் எடுத்து, இரண்டிலும் அச்சாற்றைச் சில துளிகள் விடுங்கள். அமிலத்தில் அது சிவக்கும். காரத்தில் நீலம், பச்சை என மாறும். குழாய் நீர் பச்சைப் பக்கம் சாய்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்கு மருந்து. முதல் மழை மொட்டைமாடியைக் கழுவிவிடட்டும். அடுத்த மழையைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்துக் கொசு புகாமல் மூடி வையுங்கள். சிமெண்டுத் தொட்டியில் வைத்தால் மழைநீரிலும் காரம் ஏறும். செடி வைக்கவும் சிமெண்டுத் தொட்டி வேண்டாம். சுட்ட மண் தொட்டியே மேல். மண்ணோடு மட்கிய இலையும் ஆற்று மணலும் கலந்துகொள்ளுங்கள். கடற்கரை பக்கத்தில்தானே என்று அங்கிருந்து மணல் அள்ளிவராதீர்கள். அதில் உப்பும் உண்டு, சுண்ணாம்பாலான சிப்பித் தூளும் உண்டு.

நடும் ஆழத்திலும் கவனம் வேண்டும். இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1835-இல் நீலகிரியின் கேத்தியில் இருந்த அரசுச் சோதனைப் பண்ணைக்குத் தேயிலைக் கன்றுகள் அனுப்பப்பட்டன. மறு ஆண்டே பண்ணை மூடப்பட்டு, அந்த இடம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் வசம் வந்தது. கன்றுகளைக் கவனிப்பார் இல்லை. பெரொத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் அங்கே சென்று பார்த்தபோது, அவை இலை தொடங்கும் இடம்வரை மண்ணில் புதைந்திருந்தன. அவர் அதைச் சரிசெய்ய வைத்தார். சில ஆண்டுகளில் அவை நான்கடி உயர்ந்து பூத்துக் காய்த்தன. பிற்காலத்தில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற பெரொத்தே, 1870-இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

வேரும் மூச்சு விடும். ஆழப் புதைத்தாலும் அடித்தட்டில் நீர் தேங்கினாலும் அதற்குக் காற்றுக் கிடைக்காது. மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்தபின் நீர் விடுங்கள். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் நல்லது. கத்திரி வெயிலில் சூடான சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்போது இலைகளில் செஞ்சிலந்தி என்னும் நுண்ணிய பூச்சி சேரும். வாரம் ஒருமுறை இலைகளின் இருபுறத்தையும் கழுவினால் போதும். கோடையில் மழைநீர் தீர்ந்துவிட்டால், குழாய் நீரில் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டு, செம்பருத்திச் சாற்றில் மழைநீரின் நிறம் வரும்வரை சரிசெய்யுங்கள். அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம்.

நீரை மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலைகள் எளிதில் தேறா. அதன்பின் விடும் புதுக் கொழுந்து என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.