சாய்ந்து நிற்கும் வண்டி: பட்டை வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

வண்டி ஒரு பக்கம் சாய்கிறது என்று பட்டறைக்குள் நுழைகிறவர் எல்லோரும் கூடவே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்: "பட்டை இறங்கிப்போச்சு." நீயும் தலையாட்டிக்கொண்டு ஜாக்கியை எடுத்தால், வேலை தெரியாதவர்கள் இருவர் ஆகிவிடுவீர்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் ஓடுகிற ஜீப், பிக்கப், டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அடியில் படுத்தே வயதானவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சாய்வு என்பது அறிகுறி. காரணம் பட்டையிலும், அதாவது லீஃப் ஸ்பிரிங்கிலும் இருக்கலாம், பட்டைக்கு வெளியே பத்து இடத்திலும் இருக்கலாம்.

1. முதலில் சமதளம் தேடு. நம் மலையில் அதுவே பாதி வேலை. சாலையில் நிறுத்தி அளக்காதே. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரம் தாழ்ந்திருக்கும். வளைவில் உள்பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். பெருமாள்மலையில் நேராக நிற்பதுபோல் தெரிகிற வண்டி கீழே சிமென்ட் தரைக்கு வந்ததும் சாயும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள். நான்கு சக்கரம் நிற்கும் இடமும் ஒரே மட்டமா என்று அது சொல்லிவிடும். மட்டமில்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சரிசெய்.

2. சுமையை இறக்கச் சொல். பிறகு நான்கு டயரிலும் காற்று பார். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் ரீட்ரெட் போட்ட பழைய டயர் என்றால் உயரமே வேறு. இதை விட்டுவிட்டுப் பட்டையைக் கழற்றியவர்கள் உண்டு.

3. இனி அள. தரையிலிருந்து பாடி வரை ஓர் அளவு, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து சேஸ் சட்டத்தின் அடி வரை ஓர் அளவு. இரண்டு பக்கமும் சாக்பீஸால் தரையிலேயே எழுதி வை. தரை அளவில் வித்தியாசம் இருந்து, மைய அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் குற்றம் டயரிலோ தரையிலோ. மைய அளவே வேறுபட்டால்தான் பட்டைப் பக்கம் திரும்பவேண்டும். டயரும் தரையும் சரியாக இருந்து, சேஸ் சட்டமும் நேராக நின்று, பாடி மட்டும் சாய்ந்தால், பாடியைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் நசுங்கியிருக்கும்.

மைய அளவு வேறுபட்டாலும் எந்தப் பட்டை என்பது இன்னும் தெரியாது. முன்பக்கம் வலது பட்டை தளர்ந்தால் பின்பக்கமும் வலப்புறம் தாழும். இதைப் பிரிக்க ஒரு வழி: முன் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஜாக்கி வைத்து, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்கு. இப்போது முன்பட்டைகளுக்கு வண்டி மேல் பிடிப்பில்லை. பின்பக்கம் நேரானால் குற்றம் முன்னால். அப்படியே சாய்ந்திருந்தால் பின்னால். அளந்து முடிக்கும்வரை யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

4. சுமை எப்படி ஏறுகிறது என்று டிரைவர் அண்ணனிடம் விசாரி. கோபப்படாமல் விசாரி. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்து உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பியும் மலைவாழையும் பெரும்பாலும் கீழ்நோக்கியே போகின்றன. காலி வண்டி ஏறும், பாரவண்டி இறங்கும். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் எடை முன்னால் ஓடும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். தரைச் சாலையில் பத்து வருடம் தாங்கும் பட்டை இங்கே சீக்கிரம் தளர்வது இதனால்தான். மூட்டையை ஒரு பக்கமாக அடுக்கும் பழக்கம் இருந்தால், நீ போடும் புதுப் பட்டையும் ஒரு பக்கம் இறங்கும்.

5. தங்கிப்போகும் வசதியோடு வண்டிக்குப் பின்னால் இழுத்து வரும் டிரெய்லர்கள் தனி விவகாரம். 2021-இல் கேரளம் கேரவன் சுற்றுலாவை அறிவித்ததிலிருந்து இந்த வகை ஆசை நம் பக்கமும் வந்திருக்கிறது. நீளமானவற்றுக்கு இந்த மலையில் வழியில்லை. 2024 நவம்பரிலிருந்து 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டிகளைக் கொடைக்கானல் மலைச்சாலையில் விடுவதில்லை. வருவதெல்லாம் ஜீப்பின் பின்னால் மாட்டிய சிறியவைதான். அவற்றில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே சுவர் ஓரமாகக் கட்டிவைத்திருப்பார்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அதை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பட்டையைத் திட்டி என்ன பயன்? எடை மேடைக்கு அனுப்பு. முழு வண்டியையும் ஒருமுறை, ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொருமுறை எடை போட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இரட்டை ஆக்ஸில் டிரெய்லரில் முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் நடுவே சுமையைப் பங்கிடும் ஓர் ஆடுகட்டை இருக்கும். துருப்பிடித்து அது ஆடாமல் நின்றால் ஒரு சக்கரம் சுமக்கும், இன்னொன்று சும்மா உருளும். பட்டையைப் பிடித்திருக்கும் தாங்கி சட்டத்திலிருந்து வெல்டிங் விட்டு விலகியிருக்கிறதா, ஆக்ஸில் குழாயே வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. வளைந்திருந்தால் டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கும்.

6. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சரிவில் நிற்கும் வண்டியை உருட்டிக் கீழே கொண்டுபோய் வேலை செய். முடியாதென்றால் வேலையை விடு. கட்டைக்குப் பதில் சாலையோரக் கல் வைப்பது டிரைவர்களின் பழக்கம். பட்டறைக்காரனுக்கு அது ஆகாது. யு-போல்ட்டைக் கழற்றும்போது நான்கு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்து. சென்டர் போல்ட்டை எடுக்கும் முன் பட்டைக்கட்டை இரண்டு சி-கிளாம்பு போட்டு இறுக்கிப் பிடி. ஒன்றன்மேல் ஒன்று வளைந்து அழுந்தியிருக்கும் இரும்பு அது. பிடியில்லாமல் போல்ட்டை எடுத்தால் விரலோடு போகும்.

7. கழற்றும் முன் கழுவு. வயர் பிரஷ் போடு. பட்டை உடைவது பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில், அல்லது மெயின் பட்டையின் முனை வளையத்துக்குப் பக்கத்தில், அல்லது கிளிப்புக்கு அடியில் மறைவாக. விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் அதிலிருந்து சிவந்த துரு கோடாகக் கசியும். சந்தேகமென்றால் டீசலில் நனைத்துத் துடை, உலர்ந்தபின் சாக்பீஸ் தூள் தடவு, சுத்தியலால் லேசாகத் தட்டு. விரிசலுக்குள் தங்கிய டீசல் வெளியே வந்து வெள்ளையில் கோடு போடும். எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையை மறந்துவிடாதே.

8. பட்டை நன்றாக இருக்கிறதென்றால் ஷேக்கிளைப் பார். சுமை ஏறும்போது பட்டை நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுத்து ஆடவேண்டியது ஷேக்கிள். கிரீஸ் காணாமல், பனியும் மழையும் குடித்து, ஷேக்கிள் பின் இறுகிப்போனால் அந்தப் பக்கம் இறங்கவே இறங்காது. அப்போது வண்டி எந்தப் பக்கம் சாயும்? எதிர்ப்பக்கம். நல்ல பக்கத்தைப் பழுது என்று நினைத்து அங்கே ஒரு பட்டை கூட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து வரும் வண்டிகளில் முதலில் ஷேக்கிளை ஆட்டிப் பார்.

9. சென்டர் போல்ட் முறிந்தால் சாய்வு தெரியாது, வேறொன்று தெரியும். ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்கு நழுவி, வண்டி நண்டுபோல் கோணலாகப் போகும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தால் உண்மை வெளிப்படும்.

10. பட்டையைத்தான் மாற்றவேண்டும் என்று முடிவானால் இரண்டு பக்கமும் மாற்று. செலவு என்று முனகுவார்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்றால் சில மாதத்தில் அதே வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து திரும்பி வரும். சாய்ந்த பக்கம் மட்டும் ஒரு பட்டை கூட்டுவது அதைவிட மோசம். நிற்கும்போது நேராகத் தெரியும். வளைவில் ஒரு பக்கம் விறைக்கும், மறுபக்கம் படுக்கும். டம்டம் பாறைப் பக்கத்து வளைவுகளில் அந்த வண்டியை ஓட்டப்போகிறவன் நீயில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. தடிமன் பார், வெர்னியர் வைத்துப் பார். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 7 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று கடைக்காரர் சொல்வார். பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடு.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. சில வண்டிகளில் இடப் பட்டையும் வலப் பட்டையும் தயாரிக்கும்போதே வேறு வேறு. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் முன்பட்டைகளே அப்படித்தான். 1947-இல் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கியதும் அந்த வில்லிஸ் குடும்பத்து ஜீப்பைத்தான். அதனால் இரண்டும் ஒன்றாக இல்லையே என்று பழைய ஜீப்பில் 'திருத்தும்' முன் பாக எண்ணைப் பார்.

11. தளர்ந்த பட்டையை அடித்து வளைவு ஏற்றிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். சூடாக்காமல், சம்மட்டியால் ஒரே சீராக அடித்து ஏற்றலாம். கொஞ்ச காலம் நிற்கும். அதைச் சொல்லிவிட்டே செய். காஸ் டார்ச் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பவனிடமிருந்து தள்ளி நில். எண்ணெயில் தோய்த்துப் பதம் வைத்த எஃகு அது. பதம் போனால் வளைவும் நிற்காது, ஒருநாள் முறியவும் செய்யும். பட்டையில் வெல்டிங் வைப்பதும் அதே குற்றம்தான். விரிசலுக்கு வெல்டிங் என்று வந்தால் செய்யாதே. மிரட்டினாலும் செய்யாதே.

12. பூட்டும்போது மூன்று காரியம். யு-போல்ட்டைப் புதிதாகப் போடு. ஒருமுறை இழுபட்டது மறுபடி சரியாக இறுகாது. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கு. மூன்றாவதைப் பலர் செய்வதில்லை: ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷேக்கிள் போல்ட்டையும் முனை போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறியபின் இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். புதுப் பட்டை போட்டும் சாய்கிறதே என்று திரும்பி வருகிற வண்டிகளில் முதலில் இதைத்தான் தளர்த்திப் பார்க்கவேண்டும்.

13. சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலையும் பிரேக் வால்வையும் ஒரு கம்பி இணைக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக உயர்ந்து நின்றால் குறையும். நீ பட்டையை மாற்றி உயரத்தை ஏற்றிவிட்டால், பாரம் இருந்தும் காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். 1916-இல் பொதுமக்களுக்குத் திறந்த, நம் மலை ஏறும் லா காட் சாலையில், அன்றைய வண்டியை மனத்தில் வைத்துப் போட்ட வளைவுகளில், இன்றைய பாரத்தோடு இறங்குகிற ஒருவனுக்கு அது போதாது. பட்டை வேலை முடிந்ததும் அந்தக் கம்பியின் அளவைச் சரிபார்க்காமல் சாவியைக் கொடுக்காதே.

14. முதல் பாரம் இறக்கியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல். யு-போல்ட் நட்டுகள் இன்னும் கொஞ்சம் இறுக்கம் ஏற்கும். அதற்குக் கூலி கேட்காதே.

15. கழற்றிய பழைய பட்டைகளை உடைமைக்காரரிடம் காட்டிவிட்டு ஓரமாகப் போடு. வேறு வண்டிக்கு அவற்றிலிருந்து ஒன்றை எடுத்துப் பூட்டும் ஆசை வரும், குறிப்பாகச் சனிக்கிழமை மாலையில், கடை அடைத்தபின். வரவே கூடாது. கொல்லர்கள் அரிவாளுக்கென்று இதைத் தேடி வருவார்கள். எஃகு நல்லது, நிறுத்து விலை பேசிக் கொடு. விரிசல் விட்ட இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்துக் காட்டிவிடு, அவர் அந்தத் துண்டை ஒதுக்கி வெட்டிக்கொள்ளட்டும்.