கிரிப்டோ வாலட்டில் 'கன்ஃபர்ம்' அழுத்தும் முன்...

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மெட்டாமாஸ்க் போன்ற எத்தீரியம் வாலட் வைத்திருந்தால், இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

1. வாலட் ஒப்புதல் கேட்கும்போது 'டேட்டா' பகுதியைத் திறந்து பாருங்கள். 0எக்ஸ் என்று தொடங்கும் நீண்ட தொடர் தெரியும். ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு நீங்கள் இடப்போகும் கட்டளை அதுதான்.

2. 0எக்ஸுக்கு அடுத்த 8 எழுத்துகள் மிக முக்கியம். டிஎன் 32 என்றால் விழுப்புரம் வண்டி, டிஎன் 16 என்றால் திண்டிவனம் வண்டி என்று முன்பகுதியைப் பார்த்தே சொல்கிறோம் அல்லவா? அப்படி, நடக்கப்போகும் வேலையை இந்த எட்டும் காட்டும். ஃபங்ஷனின் பெயரையும் அது கேட்கும் தகவல் வகைகளையும் கெச்சக்-256 முறையில் சுருக்கி, முதல் 4 பைட்டை மட்டும் எடுத்தது இது.

3. மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ9059சிபிபி: டோக்கன் அனுப்புதல். 095இஏ7பி3: உங்கள் டோக்கனை எடுக்க இன்னொருவருக்கு அனுமதி. ஏ22சிபி465: ஒரு தொகுப்பில் உங்களுக்கு இருக்கும் என்எஃப்டி அனைத்துக்கும் அனுமதி. "இலவசப் பரிசு" என்று அழைத்த தளம் இவற்றில் எதைக் கேட்டாலும் உடனே வெளியேறுங்கள்.

4. மிச்சத்தை 64 எழுத்துகளாகப் பிரித்துப் படியுங்கள். டோக்கன் அனுப்பும்போது முதல் 64 பெறுபவரின் முகவரி. முகவரிக்கு 40 எழுத்தே தேவை என்பதால் முன்னால் 24 பூஜ்ஜியம் இருக்கும். அடுத்த 64 தொகை. எத்தீரியத்தில் 100 யுஎஸ்டிடி அனுப்பினால் அது 5எஃப்5இ100 என்று முடியும். அதாவது 10 கோடி. யுஎஸ்டிடிக்கு 6 தசம இடம் என்பதால்தான் இந்தக் கணக்கு. பல டோக்கன்களுக்கு 18.

5. அனுமதித் தொகை 64 எழுத்தும் எஃப் ஆக இருந்தால், அது வரம்பில்லாத அனுமதி. இன்று இருப்பதை மட்டுமல்ல, நாளை வாங்கப்போகும் அதே டோக்கனையும் எடுத்துவிடலாம். தேவையான தொகையை மட்டும் போடுங்கள். முன்பே கொடுத்துவிட்டீர்களா? தொகையை 0 ஆக்கி ரத்து செய்யுங்கள். கொஞ்சம் கேஸ் கட்டணம் ஆகும், பரவாயில்லை.

6. எட்டு எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். வேறு பெயருள்ள இரு ஃபங்ஷன்களுக்கு அதே எட்டு அமையலாம். கான்ட்ராக்ட் முகவரியையும் ஈதர்ஸ்கேனில் ஒப்பிடுங்கள்.

7. கட்டணமே இல்லாத வெறும் 'சைன்' கோரிக்கையிலும் 'பெர்மிட்' என்ற அனுமதி ஒளிந்திருக்கலாம்.

8. போன டோக்கனைத் திருப்ப வழியில்லை. ஏமாற்றியவருக்கு வங்கி வழியாகவும் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.